இடம் மாறிய தசைநாண்

தொழுநோய்க் கிருமி முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் அருகே ஓடும் நரம்புகளைத் தாக்கினால், உள்ளங்கைக்குள் இருக்கும் சிறு தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். முன்கையிலிருந்து வரும் பெரிய தசைகளுக்கு ஒன்றும் ஆகாது. அவை வழக்கம்போல இழுத்துக்கொண்டே இருக்கும், எதிர்த்து நிமிர்த்த ஆளில்லாததால் விரல்கள் கொக்கிபோல வளைந்து நின்றுவிடும். அந்தக் கையால் சோறு பிசைய முடியாது, டம்ளரைப் பிடிக்க முடியாது, சட்டைக்குப் பொத்தான் போட முடியாது. ஊரார் அந்தக் கையைப் பார்த்துத்தான் நோயை அடையாளம் கண்டார்கள், அதைப் பார்த்துத்தான் விலகிப் போனார்கள்.

1940-களின் பிற்பகுதியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பால் பிராண்ட் இந்தக் கைகளைச் சரிசெய்யத் தொடங்கினார். பிராண்ட் 1914-இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர், மிஷனரித் தம்பதியின் மகன். செத்துப்போன தசையை உயிர்ப்பிக்க யாராலும் முடியாது. அதனால் நன்றாக இருக்கும் வேறொரு தசையின் நாணை அதன் இடத்திலிருந்து விடுவித்து, உள்ளங்கை வழியாகக் கொண்டுபோய், விரலின் பக்கவாட்டில் தைப்பார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபின் ஆரம்பிக்கும் வேலைதான் பெரியது. அந்தத் தசைக்குப் பிறந்தது முதல் ஒரே தொழில், விரலின் நடுமூட்டை மடக்குவது. இப்போது அது விரலின் அடிமூட்டை மடக்கி, மற்ற மூட்டுகளை நிமிர்த்த வேண்டும். நோயாளி மனத்துக்குள் பழைய அசைவை நினைப்பார், கையில் வேறு அசைவு நடக்கும். திகைப்பார். பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து "திரும்பச் செய்யுங்க, இன்னொரு தடவை" என்பார். நாள்கணக்கில், வாரக்கணக்கில் இது நடக்கும். ஒருநாள் யோசிக்காமலே அந்த விரல் புது வேலையைச் செய்துவிடும்.

கிறிஸ்தவ வாழ்வில் வளர்ச்சி என்று எதைச் சொல்வது என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு இந்த அறுவைச் சிகிச்சைதான் நினைவுக்கு வருகிறது. அதைச் செய்த கைகளில் இரண்டு, இடுப்புக்குக் கீழே அசைவற்றுப்போன ஒரு பெண்ணுடையவை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

டாக்டர் மேரி வர்கீஸ் 1925-இல் கொச்சிக்கு அருகே செராயில், நிலபுலன் உள்ள சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். வேலூரில் மருத்துவம் படித்தார். மகளிர் மருத்துவத்தில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது விருப்பம், அந்தத் துறையிலேயே பயிற்சி மருத்துவராகவும் சேர்ந்துவிட்டார். 1954-இல் சக மருத்துவர்களோடு உல்லாசப் பயணம் போனபோது வண்டி கவிழ்ந்தது. முகத்தில் ஆழமான காயம், தண்டுவடத்தில் அதைவிடப் பெரிய சேதம். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நடக்கவும் நிற்கவும் இனி முடியாது என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. அறுவைச் சிகிச்சைகள் நடந்தன, ஜெபங்கள் நடந்தன. கால்கள் திரும்பி வரவில்லை.

இந்த இடத்தில் அவரை ஒரு வீராங்கனையாக்கிவிட்டு அடுத்த பத்திக்குப் போவது எளிது. பல பிரசங்கங்களில் அப்படித்தான் ஆகிறது. ஆனால் ஒரு மருத்துவருக்குத் தன் தண்டுவடத்தின் எக்ஸ்ரே என்ன சொல்கிறது என்று தெரியும். பிறரிடம் சொல்லும் ஆறுதல் வார்த்தைகளின் உட்பொருளும் தெரியும். சுற்றி நின்று ஜெபிப்பவர்களின் கண்ணில் இருக்கும் இரக்கத்தைப் படுத்த படுக்கையிலிருந்து பார்ப்பது எப்படிப்பட்டது என்பதை, படுத்தவர்கள்தான் சொல்ல வேண்டும். விசுவாசம் அந்த நாள்களைச் சுருக்கித் தராது. கசப்பும் கோபமும் விசுவாசிக்கும் வரும், சங்கீதப் புத்தகத்தில் ஒரு பெரும்பகுதி அதுதான்.

அவரிடம் பால் பிராண்ட் ஒரு யோசனை சொன்னார். பிரசவ அறையிலும் வயிற்று அறுவைச் சிகிச்சையிலும் நின்றுதான் வேலை செய்ய வேண்டும். கை அறுவைச் சிகிச்சை அப்படியல்ல. நோயாளியின் கையை ஒரு சிறு மேசைமேல் நீட்டிவைத்து, மருத்துவர் உட்கார்ந்தே செய்வது. சக்கர நாற்காலி அதற்குத் தடையில்லை. உன் கைகள் நன்றாகத்தானே இருக்கின்றன, வாயேன், கற்றுக்கொள் என்பதுதான் அந்த அழைப்பின் சாரம்.

இந்த அழைப்பில் என்ன இல்லை என்பதைப் பாருங்கள். 'நம்பு, எழுந்து நடப்பாய்' என்ற வாக்குறுதி அதில் இல்லை. 'இதுவும் கடவுள் சித்தம், பொறுத்துக்கொள்' என்ற உபதேசமும் இல்லை. மிச்சம் எது என்று கணக்குப் பார்த்து, அதற்கு ஒரு வேலையைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதுவும் அவர் விரும்பிய வேலையல்ல, படித்த துறையல்ல. தொழுநோயை அந்தக் காலத்தில் மருத்துவர்களே தொடத் தயங்கினார்கள். மகளிர் மருத்துவராகக் கனவு கண்ட ஒருவர், தனக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாத தசைநாண்களின் போக்கை முதலிலிருந்து படிக்க வேண்டும். மேரி சம்மதித்தார். சக்கர நாற்காலியில் அறுவை அரங்குக்குள் வந்து தொழுநோயாளிகளின் கைகளைத் திருத்தினார்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. தொழுநோயாளியின் விரல்கள் உதிர்வது சதை அழுகுவதால் என்றுதான் நூற்றாண்டுகளாக உலகம் நம்பியது. வலி தெரியாமல் போவதே காரணம் என்று பிராண்டும் அவருடைய குழுவினரும் நிறுவினார்கள். சுடும் பாத்திரத்தைத் தொட்டாலும் கைக்குத் தெரியாது, செருப்பில் ஆணி குத்தினாலும் காலுக்குத் தெரியாது. காயம்மேல் காயம் பட்டு, சீழ் பிடித்து, விரல் குட்டையாகிறது. தண்டுவடம் அறுந்தவரின் கால்களுக்கும் இதே கதிதான். ஒரே பக்கமாக உட்கார்ந்தால் சதை நசுங்குவது தெரியாது, படுக்கைப்புண் வந்து எலும்புவரை போகும். தினமும் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் காப்பாற்ற வேண்டும். ஆக, அந்த மேசையின் இரு பக்கமும் உணர்வற்ற உடம்பைச் சுமந்தவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஊராரால் ஒதுக்கப்பட்டு வந்த நோயாளிக்குத் தன்னைவிட மோசமான நிலையில் இருக்கும் டாக்டரம்மா கத்தியைக் கையில் எடுப்பதைப் பார்ப்பது எந்தப் பிரசங்கத்தையும்விடப் பெரிய பிரசங்கம்.

பவுல் அப்போஸ்தலனுக்கு உடம்பில் ஏதோ ஒரு முள் இருந்தது. அது என்ன நோய் என்று அவர் சொல்லவில்லை. கண்நோய் என்றும் வலிப்பு என்றும் ஊகிப்பவர்கள் உண்டு. அதை நீக்கும்படி மூன்று முறை மன்றாடியதாக கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் சொல்கிறார். முள் போகவில்லை, கிருபை போதும் என்ற பதில் வந்தது. இந்தப் பகுதியை நம் சபைகளில் நிறையப் பேர் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் முள் போகவில்லை என்ற பாதியை அவ்வளவு வேகமாகக் கடந்து, கிருபை என்ற பாதிக்கு ஓடிவிடுகிறோம். பவுல் அந்த முள்ளோடுதான் கப்பல் ஏறினார், அந்த முள்ளோடுதான் தனக்கு அறிமுகமில்லாத நகரங்களில் போய் நின்றார். கிருபை முள்ளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை, இரண்டும் கடைசிவரை சேர்ந்தே இருந்தன.

கால்களைக் கேட்டேன், சிறகுகள் கிடைத்தன என்ற பொருளில் மேரி வர்கீஸ் சொன்ன ஒரு வாக்கியம் பிரபலமானது. நாள்காட்டியில் அச்சடிக்க ஏற்ற வாக்கியம். எனக்கு அந்த வாக்கியத்தைவிட, காலுக்கும் சிறகுக்கும் நடுவில் கிடக்கும் ஆண்டுகள்தான் முக்கியம். அந்த ஆண்டுகளில் அவர் திரும்பத் திரும்ப மாணவியானார். கை அறுவைச் சிகிச்சைக்கு ஒருமுறை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்குப் போய், தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் பிறர் உதவியின்றி அன்றாடத்தைச் சமாளிக்கும் முறைகளை, நோயாளிகளோடு நோயாளியாகப் பயின்றது இன்னொருமுறை. பிறகு 1960-களின் தொடக்கத்தில் நியூயார்க் போய், மறுவாழ்வு மருத்துவத்தின் தந்தை எனப்படும் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மருத்துவராகப் படித்தது மற்றுமொருமுறை. சக்கர நாற்காலியோடு கடல் கடந்து போவது இன்றைக்கே லேசல்ல. விமானத்தில், கழிப்பறையில், படிக்கட்டில், பனியில் எதிர்ப்பட்ட சங்கடங்களைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

வளர்ந்தபின் மறுபடியும் கற்றுக்குட்டியாக நிற்பது மனிதருக்குப் பிடிக்காத காரியம். தெரிந்த தொழிலில் நமக்கு ஒரு மரியாதை இருக்கிறது. நாற்பது வயதில் ஒரு புது மொழியைத் திக்கித்திக்கிப் பேசும்போது, ஐம்பது வயதில் இளைஞனிடம் கம்ப்யூட்டர் கற்கும்போது அந்த மரியாதை கழன்று விழுகிறது. விழுவதைத் தாங்க முடியாமல்தான் பெரும்பாலோர் 'நமக்கு இதெல்லாம் எதற்கு' என்று சொல்லித் திரும்பிவிடுகிறோம். இங்கேதான் விசுவாசம் உண்மையில் ஏதோ செய்கிறது என்று நான் நினைக்கிறேன். தைரியம் தருகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். தைரியசாலிகள் எல்லா மதத்திலும் மதமே இல்லாதவர்களிலும் இருக்கிறார்கள். விசுவாசம் தருவது வேறு. என் மதிப்பு என் திறமையில் இல்லை, ஏற்கெனவே ஒருவரால் நேசிக்கப்பட்டுவிட்டேன் என்று ஒரு மனிதர் மனசார நம்பினால், அவருக்குத் தடுமாறுவது அவமானமாக இருக்காது. தப்பும் தவறுமாகச் செய்தாலும் அவர் இழப்பதற்கு ஒன்றுமில்லை. மோசே தனக்குப் பேச வராது என்று கடைசிவரை மறுத்துப் பார்க்கிறார். கடவுள் அவருடைய நாக்கைச் சரிசெய்யவில்லை, கூடப் பேசுவதற்கு ஆரோனைச் சேர்த்து அனுப்புகிறார். திக்குவாயோடுதான் பார்வோன் முன்னால் நிற்க வேண்டியிருந்தது.

மேரி நியூயார்க்கிலிருந்து திரும்பி, 1963-இல் சி.எம்.சி.யில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறைக்குத் தலைவரானார். 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இந்த வகையில் அதுவே முதல். அதுவரை மரத்திலிருந்து விழுந்தவரும், கிணறு வெட்டும்போது முதுகில் மண் சரிந்தவரும் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டு, படுக்கைப்புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் சாவதுதான் வழக்கம். 'உயிர் பிழைத்தாகிவிட்டது, இனி எப்படி வாழ்வது' என்ற கேள்வியை இந்திய மருத்துவம் கேட்கக் கற்றுக்கொண்டதில் சக்கர நாற்காலியில் இருந்த அந்தப் பெண்ணுக்கு முக்கியப் பங்குண்டு. 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986-இல் காலமானார்.

வேலூரைப் பற்றிப் பேசினால் எல்லோரும் சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடரில் தொடங்கி ஐடா ஸ்கடரில் முடிப்பார்கள். அதில் தவறில்லை, பெரிய வாழ்க்கை அது. ஆனால் டாரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஐடாவைப் பற்றி எழுதியதோடு நிற்காமல் மேரியைப் பற்றியும், பால் பிராண்டைப் பற்றியும், பிராண்டின் தாயைப் பற்றியும் தனித்தனிப் புத்தகங்கள் எழுதினார். நம் ஊர்க்காரர்களான நாம் இந்த மற்றவர்களை இன்னும் சரியாகப் படிக்கவில்லை.

அந்தத் தாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேரிக்குச் சவால் கேட்காமல் வந்தது. எவலின் பிராண்டோ, வேண்டாம் என்று பிறர் தடுத்தும், அதைத் தானே போய் எடுத்துக்கொண்டார். லண்டனில் வசதியான வீட்டில் 1879-இல் பிறந்தவர், ஓவியம் வரைபவர். ஜெஸ்ஸி பிராண்டை மணந்து 1913-இல் கொல்லிமலையில் குடியேறினார். 1929-இல் ஜெஸ்ஸி மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். அப்போது பிள்ளைகள் இருவரும் படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தார்கள். கணவனை மலையிலேயே அடக்கம் செய்துவிட்டு இங்கிலாந்து போன எவலின், கொஞ்ச காலத்தில் இந்தியா திரும்பினார். மிஷன் அவரைச் சமவெளியில் வைத்துக்கொண்டது, மலைக்கு விடவில்லை. எழுபதை நெருங்கும் வயதில் ஓய்வு கொடுத்தார்கள். ஓய்வு வாங்கிக்கொண்ட கையோடு, இனி தன்னைக் கட்டுப்படுத்த யாருக்கும் உரிமையில்லை என்று மலையேறிவிட்டார்.

ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது எழுபத்தைந்து என்று ஆதியாகமம் சொல்கிறது. வாசிக்கும்போது அதை ஏதோ பழங்காலக் கணக்கு என்று விட்டுவிடுவோம். எவலினைப் பார்த்தபின் அப்படி விட முடியவில்லை. மட்டக் குதிரையிலும், விழுந்து எலும்பு முறிந்தபின் இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றியும், கொல்லிமலையிலும் சுற்றியிருந்த மலைகளிலும் ஊர் ஊராகப் போனார். அக்காலத்தில் அந்த மலைகளில் நரம்புச் சிலந்தி என்ற புழு நோய் பரவலாக இருந்தது. நீரில் இறங்கி மொள்ளும் கிணறுகளில் நோயாளியின் கால் படும்போது புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலந்து, குடிப்பவர் உடம்புக்குள் போகும். கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பச் செய்தால் யாரும் இறங்க முடியாது, வாளியால்தான் இறைக்க வேண்டும், நோயின் சுழற்சி அறுந்துவிடும். எவலின் இதைத்தான் செய்யச் சொல்லி மலைக்காரர்களைத் தூண்டினார். கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் முகம்பார்க்கும் கண்ணாடியே கிடையாது என்று மகன் எழுதியிருக்கிறார். முகச் சுருக்கத்தைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரமில்லை. 1974-இல், தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

இந்த இரண்டு பெண்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், இப்போது நம் கன்வென்ஷன் பந்தல்களில் ஒலிக்கும் 'சவால்' என்ற பேச்சு எவ்வளவு மெலிந்தது என்று தெரிகிறது. 'பயப்படாதே, காலடி எடுத்துவை, கர்த்தர் உன்னை உயர்த்துவார்' என்கிறார்கள். உயர்வு என்றால் பதவி உயர்வு, விசா, சொந்த வீடு. காலடி எடுத்துவைத்தவன் வளர்வான் என்பது அதன் கணக்கு. மேரியை எந்தத் தராசில் இது நிறுக்கும்? அவர் விரும்பிய துறையும் கால்களும் போனவை போனவைதான். எவலினுக்குக் கணவர் திரும்பவில்லை, மிஷனின் பாராட்டும் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர்கள் வளர்ந்தார்கள். அந்த வளர்ச்சியின் பலன் அவர்கள் கையில் சேரவில்லை. டம்ளரைப் பிடிக்கும் இன்னொருவரின் விரலிலும் சிலந்தி ஏறாத இன்னொரு குழந்தையின் காலிலும்தான் அது போய்ச் சேர்ந்தது. கிறிஸ்தவம் தனிமனித வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது, அது யாருக்கு உதவியது என்று கேட்காமல் அளக்கக் கூடாது என்பது என் கட்சி.

நான் வளர்ந்த சபை உட்பட எங்கள் பக்கத்துச் சபைகளில் சாட்சி சொல்ல ஒரு நேரம் உண்டு. மைக்கை வாங்குபவர்கள் பெரும்பாலும் குணமானவர்கள், வேலை கிடைத்தவர்கள், வழக்கில் ஜெயித்தவர்கள். அவர்களுடைய நன்றி உண்மையானது, அதைக் கேட்டு நானும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். ஆனால் அதே ஆராதனையில் டயாலிசிஸ் முடிந்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரும் இருக்கிறார். மனவளர்ச்சி குன்றிய மகனைக் கைப்பிடித்து அழைத்துவரும் தாயும் இருக்கிறார். அவர்களைச் சாட்சி சொல்ல யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் என்ன சொல்வார்கள் என்று நமக்கே பயம். ஜெபம் கேட்கப்படாதவர்களாக, ஏதோ விசுவாசக் குறைச்சல் உள்ளவர்களாக அவர்களைக் காணும் பார்வை சொல்லாமலே சபைக்குள் இருக்கிறது. அந்தப் பார்வையோடு பார்த்தால் மேரி வர்கீஸும் ஜெபம் கேட்கப்படாதவர்தான்.

அந்தத் தாய் இருபது வருஷமாகத் தினமும் ஒரு புது வேலையைக் கற்றுக்கொண்டிருக்கிறார். மகனுக்குப் பல் தேய்க்க, வலிப்பு வரும் முன் அடையாளம் காண, பஸ்ஸில் பிறர் முறைக்கும்போது பதில் சொல்லாமல் இருக்க, தனக்குப் பிறகு அவனுக்கு யார் என்ற கேள்வியோடு தூங்க. அவருக்குத் தெரிந்த விசுவாசம் எனக்குத் தெரியாது, நம் பிரசங்கியார்களில் பலருக்கும் தெரியாது. அதைக் கேட்காமல் நாம் எதை வளர்ச்சி என்கிறோம்?

சபைப் பொறுப்பில் இருக்கும் வாசகர்களிடம் இரண்டு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நம் ஆலயங்கள் பலவற்றில் வாசலில் ஐந்தாறு படிகள் இருக்கின்றன, சக்கர நாற்காலியில் வருபவரை நான்கு வாலிபர்கள் தூக்கித்தான் உள்ளே வைக்க வேண்டும். தூக்கப்படுவது பிடிக்காமலே வராமல் நின்றுபோனவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அடுத்த அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் ஒரு சாய்தளப் பாதை கட்டுங்கள். அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில், குணமாகாத ஒருவரிடம் முன்கூட்டியே போய்க் கேட்டு, அவர் சம்மதித்தால் மைக்கைக் கொடுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை, 'சீக்கிரம் சுகம் கிடைக்கும்' என்று யாரும் குறுக்கே ஜெபிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.